அழைத்தால் வரும் சிறகுகள்

மலர்க் குழுவில் இருக்கும் நம் பேட்ச் நண்பன் போன் செய்து, "ஓசூர்க்காரங்க சார்பா நீ ஒரு கட்டுரை குடுடா. ஆனா ஹாஸ்டல் மெஸ், செமஸ்டர் அரியர், டீக்கடைக் கதை எல்லாம் வேண்டாம். அதையே ஏழு பேர் எழுதிக் குடுத்துட்டாங்க" என்றான். உருப்படியாக ஏதாவது எழுது என்பதைத்தான் இப்படி மரியாதையாகச் சொல்கிறான் என்று புரிந்துகொண்டேன். அதனால் ஒரு வருடமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்த ஒரு கேள்வியையே எழுதிவிடுகிறேன். மெக்கானிக்கல் படித்தவன் சரித்திரம் எழுதுகிறானே என்று நம் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

கேள்வி பிறந்தது 2025 மே மாதம். பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள். எங்கள் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். கேன்டீனில் ஒருவர் கையிலும் டீ ஆறாமல் இல்லை. எல்லார் கண்ணும் செல்போனில். பிராந்திய ராணுவத்தினரைப் பணிக்கு அழைக்கும் அதிகாரம் ராணுவத் தலைமைத் தளபதிக்குத் தரப்பட்டிருக்கிறது, 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ அழைக்கலாம் என்று செய்தி வந்தது. பிராந்திய ராணுவம் என்றால் நம்மைப்போல வேலை பார்த்துக்கொண்டே, அழைக்கும்போது சீருடை போடுகிறவர்கள்.

அப்போது கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பயிற்சியாளர் பையன் ஒருவன் கேட்டான்: "சார், தரைப்படைக்கு இப்படி ஒரு ரிசர்வ் இருக்கு. ஏர்ஃபோர்ஸுக்கு அந்த மாதிரி இல்லியா? பிளேன் ஓட்டத் தெரிஞ்சவன், ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவன் வெளியில எவ்ளோ பேர் இருக்கான்?" அவன் தம்பி 2023இல் அக்னிவீர் வாயுவாக விமானப்படையில் சேர்ந்தவன். அதனால் அவனுக்கு அது பொது அறிவுக் கேள்வி இல்லை, வீட்டுக் கேள்வி.

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் டூல் கிரிப்பைக் கவனித்துக்கொள்ளும் பெரியவரைப் பார்த்தேன். 20 வருடம் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் 'ஏர்ஃபோர்ஸ் சார்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிரித்துவிட்டு, "இருந்துச்சு தம்பி. மெட்ராஸ்லயே இருந்துச்சு. தேடிப் படிங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பானர் எண்ணப் போய்விட்டார். தேடிப் படித்ததைத்தான் இங்கே வைக்கிறேன்.

நடுகல் ஊரில் இது புதிதல்ல

முதலில் நம்ம மண்ணிலிருந்தே தொடங்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். மாடு கவர வந்தவர்களோடு மோதி ஊருக்காகச் செத்தவர்களின் கற்கள் அவற்றில் பல. அவர்களில் எத்தனையோ பேர் அரண்மனைச் சம்பளப் பட்டியலில் இருந்திருக்க மாட்டார்கள். காலையில் மாடு மேய்த்தவன், மாலையில் வில்லெடுத்தவன். தொழில் ஒன்று, கடமை இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம். ரிசர்வ் படையின் அடிப்படைக் கருத்து இதுதான்.

இன்னொரு செய்தி ஓசூர்க்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது. சுதந்திர இந்தியாவின் பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபர் 9ஆம் தேதி முறைப்படி தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அவர் பிறந்தது இங்கே, ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில். இன்றும் அந்த அக்டோபர் 9தான் பிராந்திய ராணுவ தினம்.

ஆனால் மாட்டை மீட்க வில் போதும். வானத்தைக் காக்க விமானம் வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பயணி விமானத்தில் ஒரு துப்பாக்கி

இந்திய விமானப்படை 1932இல் உருவானது. 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அதனிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்க்வாட்ரன். இவ்வளவு நீளக் கடற்கரைக்கு ஒரு ஸ்க்வாட்ரன்! அந்த ஆண்டு சாட்ஃபீல்டு குழு இந்தியப் பாதுகாப்பை ஆராய்ந்தது. முக்கியத் துறைமுகங்களைக் காக்கத் தன்னார்வ அடிப்படையில் ஐந்து பிரிவுகள் அமைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. இந்திய விமானப்படைத் தன்னார்வ ரிசர்வ் பிறந்தது அப்படித்தான்.

அந்தப் பிரிவுகளுக்குக் கடலோரக் காவல் பிரிவுகள் என்று பெயர். முதல் எண் நம் சென்னைக்கு. இரண்டாவது பம்பாய், மூன்றாவது கல்கத்தா, நான்காவது கராச்சி, ஐந்தாவது கொச்சி. பிறகு விசாகப்பட்டினத்தில் ஆறாவது. வழக்கமான படையிலிருந்து கொஞ்சம் பேரை நடுவில் வைத்து, வெளியில் பறக்கத் தெரிந்தவர்களைச் சுற்றிச் சேர்த்தார்கள். மோர் ஊற்றித் தயிர் தோய்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கொடுத்த விமானம்? வாப்பிட்டி. 1920களின் வடிவமைப்பு; இரட்டை இறக்கை, திறந்த இருக்கை. அதுவும் நீடிக்கவில்லை. 1941இல் புதிதாக 2ஆம் ஸ்க்வாட்ரன் அமைக்க வேண்டியிருந்ததால் சென்னை, கல்கத்தா பிரிவுகளின் வாப்பிட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு வந்தது அட்டலாண்டா. நான்கு எஞ்சின் கொண்ட பயணி விமானம். போருக்கு முன்பு கீழைநாட்டு வழித்தடத்தில் டிக்கெட் வாங்கிய பயணிகளை ஏற்றிப் பறந்தது. அதில் .303 இயந்திரத் துப்பாக்கி ஒன்றைப் பொருத்தி, வங்கக் கடலோரத்தில் ரோந்து விட்டார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், டவுன் பஸ்ஸில் துப்பாக்கி கட்டி எல்லைக்கு அனுப்பிய மாதிரி. கொச்சிப் பிரிவுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு டி.எச்.86 பயணி விமானம். அதை வைத்துக்கொண்டு மலபார் கரையையும் குமரி முனைக்கு மேற்கேயும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிரிப்பு வரலாம். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் கராச்சியின் 4ஆம் பிரிவு, 4 வாப்பிட்டி, 2 ஆடாக்ஸ் விமானங்களோடு பர்மாவின் மௌல்மீனுக்கு அனுப்பப்பட்டது. போன வேகத்தில் ஆறில் நான்கு விமானங்கள் ஜப்பானியக் குண்டுவீச்சில் அழிந்தன. 1942 ஜனவரிக் கடைசியில் அந்த இடத்துக்குக் கல்கத்தாவின் 3ஆம் பிரிவு, நான்கு பழைய பிளென்ஹைம் விமானங்களோடு போனது. ரங்கூன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் அந்த நான்கு விமானங்கள்தான் வான் பாதுகாப்பு என்று சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் பர்மாவை விட்டுக் கப்பலேறிய கூட்டத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பது தஞ்சாவூர், இராமநாதபுரம் நண்பர்கள் வீட்டில் கேட்டால் தெரியும்.

பிறகு 1942 ஏப்ரல். ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. 5ஆம் தேதி கொழும்பு, 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டன. கொழும்புக்கு ஒரு நாள் முன்பே அந்தக் கப்பற்படையைக் கடலுக்கு மேலே ரோந்து சுற்றிய ஒரு கேட்டலினா விமானம் பார்த்துச் செய்தி அனுப்பிவிட்டது. அந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஆனால் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. ரோந்து விமானத்தின் முதல் வேலை சண்டை போடுவது இல்லை, பார்ப்பது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சென்னையில் அந்த ஏப்ரலில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் உண்மையாகவே வந்து துறைமுகப் பகுதியில் குண்டு போட்டுவிட்டுப் போனது.

இதில் நான் கற்றது ஒன்று. ஆட்களிடம் குறை இல்லை. ஆளைச் சேர்த்தவர்கள் அவர்களுக்கேற்ற கருவியை முன்கூட்டித் தயார் செய்யவில்லை. ரிசர்வ் என்ற பெயரில் மிச்சம் மீதியைக் கொடுத்தார்கள்.

சட்டம் வந்தது, 53ஆம் ஸ்க்வாட்ரன் வந்தது

சுதந்திரம் வந்த இரண்டாவது மாதமே இன்னொரு பாடம். 1947 அக்டோபர் 27ஆம் தேதி காஷ்மீருக்குப் படைகளை ஏற்றிச் சென்றபோது, விமானப்படையின் டகோட்டாக்களோடு தனியார் கம்பெனிகளின் டகோட்டாக்களும் பறந்தன. ஓட்டியவர்கள் சிவிலியன் பைலட்டுகள். ஸ்ரீநகர் விமான நிலையம் கைவிட்டுப் போகாமல் நின்றதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

1952 ஆகஸ்டில் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைகள் சட்டம் வந்தது. அது மூன்று வரிசைகளை வகுத்தது. முதலாவது, விமானப்படையில் வேலை பார்த்து வெளியே வந்தவர்களின் ரிசர்வ். இரண்டாவது, வான் பாதுகாப்பு ரிசர்வ். சிவில் விமானத் துறையில் தகுதி பெற்றவர்களைப் பதிவு செய்து, தேவைப்பட்டால் அழைப்பது. மூன்றாவது, துணை விமானப்படை. வேறு தொழில் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் பயிற்சி பெறும் ஊர்க்காரர்களின் படை. அழைப்புக்குப் போனவனைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டிய கடமையை முதலாளி மேல் வைத்ததும் இந்தச் சட்டம்தான். தொழிற்சாலைக்காரனாக நான் அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறவன் எப்படி நிம்மதியாகச் சீருடை போடுவான்?

துணைப்படை ஸ்க்வாட்ரன்கள் 1950களில் ஒவ்வொன்றாக எழுந்தன. டெல்லிக்கு 51, பம்பாய்க்கு 52, சென்னைக்கு 53. பிறகு வேறு நகரங்களுக்கும். ஏர்ஃபோர்ஸ் சார் சொன்ன மெட்ராஸ் கதை இதுதான். தொடக்கத்தில் அவர்கள் பழகியது ஹார்வர்டிலும், எச்.டி.2 பயிற்சி விமானத்திலும். இந்த எச்.டி.2 நமக்கு அக்கம்பக்கத்துச் சமாசாரம். டாக்டர் காட்கே தலைமையில் பெங்களூர் எச்.ஏ.எல்.லில் வடிவமைக்கப்பட்டு 1951இல் முதலில் பறந்தது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் செய்த விமானத்தில், சென்னையில் பகுதிநேர வீரர்கள் பழகினார்கள்!

பிற்பாடு வாம்பயர் ஜெட் விமானங்களும் துணைப்படைக்கு வந்தன. ஆனால் காலம் வேகமாக ஓடியது. ஹண்டர், நாட், அதற்குப் பிறகு மிக்-21. ஜெட் விமானத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிக் கை பழக்கிக்கொள்ள முடியாது. விலையும் அதிகம், பராமரிப்பும் அதிகம், தவறினால் உயிரே போகும். அந்த ஸ்க்வாட்ரன்கள் வழக்கமான விமானப்படைக்குள் கரைந்துபோயின. தனிக் கிளையாகத் துணை விமானப்படை நிலைக்கவில்லை. பயிற்சியாளர் பையன் கேட்டதற்குப் பாதிப் பதில் இது.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

இதே முட்டுச்சந்துக்கு மற்றவர்களும் வந்தார்கள். பிரிட்டன் 1924லேயே துணை விமானப்படை தொடங்கியது. 1939 அக்டோபர் 16இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் முதல் ஜெர்மானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவை கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்களின் துணைப்படை ஸ்க்வாட்ரன்கள்தான். அன்று வெற்றி கண்டவர்களில் ஒருவரான பேட்ரிக் கிஃபர்டின் தொழில் வக்கீல். ஆனால் 1957இல் பிரிட்டனும் தன் துணைப்படையின் பறக்கும் ஸ்க்வாட்ரன்களைக் கலைத்துவிட்டது. காரணத்தில் ஜெட் யுகத்தின் செலவும் சிக்கலும் இருந்தன.

அமெரிக்கா வேறு வழி பிடித்தது. அதன் விமான தேசியக் காவல்படை 1947இல் தனிக் கிளையாக அமைந்தது. ஒவ்வொரு பிரிவிலும் முழுநேர ஆட்கள் ஒரு பங்கு, பகுதிநேர ஆட்கள் ஒரு பங்கு. காலப்போக்கில் சொந்த நாட்டு வானத்தைக் காக்கும் தினசரி வேலையில் பெரும்பகுதி அவர்களிடமே வந்து சேர்ந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று முதலில் எழும்பிய இரண்டு எஃப்-15களும் மாசசூசெட்ஸ் காவல்படையைச் சேர்ந்தவை. அன்றைக்கே வாஷிங்டன் பக்கத்து ஆண்ட்ரூஸ் தளத்திலிருந்து கிளம்பிய காவல்படை எஃப்-16களில் ஏவுகணை இல்லை. தேவைப்பட்டால் மோதியே நிறுத்துவது என்ற முடிவோடு அந்த இரண்டு பைலட்டுகள் போனார்கள். அட்டலாண்டாவில் கட்டிய .303 துப்பாக்கி ஞாபகம் வருகிறதல்லவா? அறுபது வருடம் கழித்தும், பணக்கார நாட்டிலும் அதே கதை. ஆள் ரெடி, கருவி ரெடி இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. 1971இல் வங்கதேச விடுதலைப் போரில் பாகிஸ்தான் விமானப்படையிலிருந்து வந்தவர்களும், பயணி விமானம் ஓட்டிய பைலட்டுகளும் சேர்ந்து நாகாலாந்தின் திமாப்பூரில் 'கிலோ ஃப்ளைட்' என்ற சிறு படையை அமைத்தார்கள். ஒரு டகோட்டா, ஒரு ஆட்டர், ஒரு ஹெலிகாப்டர். அவ்வளவுதான். டிசம்பர் 3 இரவு நாராயண்கஞ்சிலும் சிட்டகாங்கிலும் எண்ணெய்க் கிடங்குகளை அடித்தார்கள்.

அந்தப் போரில் நம் விமானப்படையின் தலைமைத் தளபதி பி.சி.லால். போருக்கு முந்திய 1930களில், பதின்வயதிலேயே சொந்த ஆர்வத்தில் பறக்கும் உரிமம் வாங்கியவர். 1939இல் போர் வந்தது, படைக்கு வந்தார். இடையில் 1966 முதல் 69 வரை பெங்களூர் எச்.ஏ.எல்.லுக்கும் தலைமை வகித்தார். சிவிலியனாக வாங்கிய ஒரு உரிமம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

பைலட் மட்டுமா ரிசர்வ்?

மீதிப் பாதிப் பதிலை நான் புத்தகத்தில் கண்டதைவிட டூல் கிரிப்பில் கண்டதே அதிகம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் ஏராளமான லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைச் சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் நோக்கம். நம்ம எச்.ஏ.எல். ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். தட்டிக்கொட்டிப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை பைலட் அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். இங்கே பிரித்து, பழுது பார்த்து, சுமார் 40 விமானங்களுக்கு மறுபிறவி கொடுத்தார்கள். 1948இலிருந்து அவை இந்திய விமானப்படையில் சேர்ந்தன. கடலோர ரோந்தில் 1968 வரை பறந்தன. போர்க்காலத்தில் விமானங்களைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் பெங்களூரில் கலையாமல் இருந்ததால் அது முடிந்தது. அந்தக் கைகள்தான் அன்றைய நம் நாட்டின் உண்மையான ரிசர்வ்.

இன்றைக்கு அந்தக் கைகள் எங்கே? இங்கேதான், நண்பர்களே. ஓசூர் சிப்காட்டில், பேகேபள்ளியில், சூளகிரியில். பேலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் இருக்கிறது; பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்சா சிறு விமானங்களைத் தயாரித்த ஊர் அது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஓசூரும் ஒன்று. ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பும் வந்தது. இவ்வளவும் இருந்தும் ஒரு சின்ன விஷயத்தில் நாம் கோட்டை விடுகிறோம்.

எங்கள் டூல் கிரிப்பில் ஏர்ஃபோர்ஸ் சார் வந்த பிறகு ஒரு பலகை மாட்டினார். ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதே வடிவத்தில் கறுப்பாக நிழல் வரைந்திருக்கும். எடுத்த ஸ்பானர் திரும்பாவிட்டால் நிழல் மட்டும் தெரியும். ஒரு நாள் 13ஆம் நம்பர் ஸ்பானர் திரும்பவில்லை. லைனை ஓட்ட விடமாட்டேன் என்று நின்றுவிட்டார். 40 நிமிடம் போனது. "பழைய மிலிட்டரி ஆளுங்களை எடுத்தா இதான் தொல்லை" என்று மேலே ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. ஸ்பானர் கடைசியில் ப்ரெஸ்ஸின் கார்டுக்குள்ளே கிடைத்தது. ஓட்டியிருந்தால் டையும் போயிருக்கும், ஆபரேட்டர் கையும் போயிருக்கும்.

பிறகு டீக்கடையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி. ஹேங்கர்ல ஒரு ஸ்பானர் காணோம்னா பிளேன் பறக்காது. அந்தப் பழக்கம் இன்னும் கையில இருக்கு. இதை நான் இங்க நாலு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, நாளைக்கு நாடு கூப்பிட்டா நாலு பேர் கூட இருப்பான். எனக்கு வயசாயிருச்சு, என்னைக் கூப்பிட மாட்டாங்க" என்றார்.

இப்போது பையனின் தம்பிக்கு வருகிறேன். 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்குப் போகலாம். மற்றவர்கள் வெளியே வருவார்கள். விமானத்தைத் தொட்டுப் பழகிய இளைஞர்கள், இருபத்தைந்து வயதுக்குள். "என் தம்பி திரும்பி வந்தா நம்ம கம்பெனியில எடுப்பாங்களா சார்? இல்ல, கேட்ல செக்யூரிட்டியா நிக்கணுமா?" என்று பையன் கேட்டான். துணை விமானப்படை இருந்ததா என்ற முதல் கேள்வியைவிட இதுதான் கனமான கேள்வி.

அரசாங்கம் மறுபடி ஒரு துணை விமானப்படை அமைக்குமா, அமைக்க வேண்டுமா என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். நம்மால் முடிந்ததை மட்டும் கேட்கிறேன். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பிளான்ட் ஹெட் இருக்கிறீர்கள், எச்.ஆர். மேலாளர் இருக்கிறீர்கள், சொந்தமாகப் பட்டறை வைத்தவர்கள் இருக்கிறீர்கள். விமானப்படையிலிருந்து வரும் பையன் விண்ணப்பம் கொடுத்தால், அவன் எந்த விமானத்தில் என்ன வேலை பார்த்தான் என்று கேளுங்கள். அந்த வேலைக்குப் பக்கத்து வேலையைக் கொடுங்கள். பிராந்திய ராணுவத்தில் இருக்கிற தொழிலாளி பயிற்சிக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நம் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு என்.சி.சி. விமானப் பிரிவு வேண்டுமென்றால், சங்கம் சார்பில் முதல்வரிடம் பேசலாமே. 1950இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒவ்வொரு ஸ்க்வாட்ரனோடு தொடங்கிய பிரிவு அது.

போன வாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, சென்னையின் முதல் பிரிவையும் 53ஆம் ஸ்க்வாட்ரனையும் சொன்னேன். அட்டலாண்டா கதைக்குச் சிரித்தான். தம்பி விஷயம் எச்.ஆரில் பேசியிருக்கிறேன், எழுத்தில் கேட்டிருக்கிறார்கள் என்றேன். அதற்குச் சிரிக்கவில்லை. "எழுதிக் குடுங்க சார், நான் டைப் பண்ணித் தரேன்" என்று உடனே பேனாவை நீட்டினான்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். சந்திப்பு நாளில் எல்லாரும் வாருங்கள். என்ன பதில் வந்தது என்று நேரில் சொல்கிறேன்.